ஆட்டுக்கு மட்டும் சிவப்பு அட்டை

அரையிறுதியில் காளை, எதிரணி முயலை முட்டி மைதானத்துக்கு வெளியே தூக்கிப் போட்டது. ரெஃப்ரி கொக்கு வேகமாக ஓடி வந்தது. காளையின் கொம்பைப் பார்த்தது. "அது பந்தைத்தான் பார்த்துச்சு. முயல்தான் குறுக்கே வந்துடுச்சு" என்றது. மஞ்சள் அட்டைகூடக் கிடையாது.

பத்து நிமிஷம் கழித்து, காளையின் அணியிலேயே ஆடிய ஆடு ஒரு நரியை லேசாக இடித்தது. உடனே சிவப்பு அட்டை. ஃபைனலிலும் ஆடக் கூடாதாம். அதுதான் ஆட்டுக்கு முதல் ஃபைனல்.

"சார், காளை முட்டினப்ப சும்மாதானே இருந்தீங்க? எனக்கு மட்டும் ஏன்?"

"உன் மூஞ்சியில கெட்ட எண்ணம் தெரிஞ்சுது."

"என் மூஞ்சியே இப்படித்தான் சார்!"

"எதிர்த்துப் பேசினதுக்கு இன்னொரு மேட்ச் தடை."

ஃபைனல் அன்று ஆடு வேலிக்கு வெளியே நின்று இலை மென்றுகொண்டிருந்தது. பந்தைத் துரத்தி வந்த காளை, கொக்கையே முட்டித் தூக்கியது. கொக்கு பறந்து வந்து ஆட்டின் காலடியில் விழுந்தது.

"பார்த்தேல்ல? நீதான் சாட்சி!" என்று அலறியது.

ஆடு வாயில் இருந்ததை நிதானமாக விழுங்கியது.

"அது பந்தைத்தான் பார்த்துச்சு சார். நீங்கதான் குறுக்கே வந்துட்டீங்க."