வேளாவேளைக்குக் கஷாயம்

மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. கூடவே, "ஐயோ, கசப்பு!" என்று ஓர் அலறல்.

"முழுசா குடிச்சிட்டீங்களா?" அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்க மாட்டாள், அவ்வளவு நம்பிக்கை.

"ஒரு சொட்டு விடல!"

அது உண்மைதான். ஆறிப்போன கஷாயத்தைக் கடைசிச் சொட்டு வரை உதறி, பால்கனி ரோஜாச் செடியின் தலையில் கவிழ்த்திருந்தார். சத்தம் மட்டும்தான் அவர் தொண்டையிலிருந்து வந்தது. ரோஜாவையும் செம்பருத்தியையும் ஆசையாக வாங்கி வந்தவர் அவர்தான். பூச்சி விழுந்துவிட்டது, கொஞ்சம் கவனியுங்கள் என்றால் மட்டும் உடனே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஜலதோஷம் மூக்கை அடைத்த நாளிலிருந்து நடைமேடை என்பது ஒலிபெருக்கியில் 'டடைபேடை' என்று விழ, பயணிகள் மூட்டை முடிச்சோடு திக்குத் தெரியாமல் ஓடினார்கள்.

"திங்கட்கிழமைக்குள்ள குரல் சரியாகலேன்னா பார்சல் குடோனுக்குப் போயிடுங்க" என்றார் நிலைய அதிகாரி. மைக் இல்லாத வாழ்க்கை இவருக்கு ஒரு வாழ்க்கையா? ஆனாலும் கஷாய வாடை பட்டாலே குமட்டும். கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ரோஜாத் தொட்டியைத் தேடிப் போனார்.

ஒவ்வொரு கஷாயத்துக்குப் பின்னாலும் சுடச்சுட டீ வந்தது.

"என்னடி, டீ இப்படித் தொண்டையைப் பிடிக்குது?"

"புதுத் தூளுங்க. கசப்புக்கு நல்லாருக்கும், குடிங்க."

டீ என்றால் அவர் மறுபேச்சு பேசமாட்டார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஐந்து நாள் இப்படியே ஓடியது. திங்கட்கிழமை காலை மைக் முன்னால் வேண்டாத தெய்வமில்லை. வாயைத் திறந்தார். "முதலாம் நடைமேடை" கணீரென்று ஒலித்தது. அதிகாரியே வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. வாய் சும்மா இருக்குமா?

"உன் கஷாயத்தால சரியாச்சுன்னு நினைச்சியா? ஒரு வாய்கூட குடிக்கல. அத்தனையும் ரோஜாவுக்குத்தான் போச்சு! எப்படி ஏமாத்தினேன் பார்த்தியா?"

மனைவி கோபப்படவில்லை. ரோஜா இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பூச்சிகூட இல்லை.

"உங்க கஷாயம் டீயில இருந்துதுங்க. டம்ளர்ல குடுத்தது பூச்சிக்குக் காய்ச்சின வேப்பிலைத் தண்ணி. நாளைக்குச் செம்பருத்தி பக்கமா நின்னு குடிங்க."