காற்றில் கறந்த தண்ணீர்

"காத்துல தண்ணி கறக்கிறாளாம்! ஏம்மா ஹகித், அப்படியே எனக்கு ஒரு காபியும் கறந்து குடேன்!"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொலியைத் துப்பியபடி கத்தினார் சகரியா. குடைமிளகாய் விவசாயி. அரவா பாலைவனத்து வெயிலில் காய்ந்து வறண்ட மனிதர். வாயும் அப்படித்தான்.

ஹகித் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் நிலத்தை ஒட்டி ஒரு துண்டு இடம் பிடித்து, இயந்திரத்தை நிறுத்திய நாளிலிருந்தே இந்தக் கேலிதான்.

டெல் அவீவில் நல்ல வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். அவள் உருவாக்கியது, காற்றில் இருக்கும் ஈரத்தை வெயிலின் சக்தியாலேயே இழுத்து, குடிதண்ணீராக மாற்றும் இயந்திரம். மாற்ற வேண்டும்.

ஆரம்பத்தில் மாற்றவில்லை. விடிந்ததும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால், அடியில் ரெண்டு டம்ளர் தேறும். அப்புறம் திடீரென்று ஒருநாள் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர். மறுநாளும் அதே அளவு. ஹகித்துக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தீங்களா சகரியா? இப்ப என்ன சொல்றீங்க?"

"எந்த ஒட்டகம் வந்து ஒண்ணுக்கு இருந்துட்டுப் போச்சோ, யார் கண்டா?"

"வயித்தெரிச்சல்!" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்றைக்கு அமிராம் வந்திருந்தார். பெரிய கம்பெனி ஒன்றில் பசுமைத் தொழில் முதலீடுகளைப் பார்ப்பவர். கம்பெனியின் சமூகப் பொறுப்புக்கும் அவர்தான் தலைவர். திரும்பிப் போகும்போது சீட்டு சுடக்கூடாதே என்று காரை அணைக்காமல் ஏசியை ஓடவிட்டுவிட்டு, சுத்தமான காற்றைப் பற்றிப் பேசியபடியே நடந்து வந்தார்.

தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "ஆஹா! தூய்மைன்னா இதுதான் தூய்மை! மலைக்காத்தோட ருசி நாக்குலயே நிக்குது. ஹகித், எங்க முதலீடு உனக்குத்தான். இந்த வருஷப் பொறுப்பு அறிக்கையோட அட்டையில இந்தத் தொட்டிதான் வரப் போகுது!"

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தானும் ஒரு டம்ளர் பிடித்தாள். இத்தனை நாளும் அளந்து அளந்து பூரித்தாளே தவிர, ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை.

நாக்கில் பட்டதும் விக்கித்து நின்றாள்.

கரிப்பு.

காற்றிலிருந்து இறங்கும் தண்ணீரில் உப்பு வர வழியே இல்லை. இந்தக் கரிப்பு வருவது சகரியாவின் ஆழ்கிணற்றில். குடைமிளகாய்க்குப் பாய்கிற தண்ணீர்.

வேலிப் பக்கம் திரும்பினாள். அதுவரை இவர்களையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சகரியா, சட்டென்று வானத்தில் எதையோ தேட ஆரம்பித்தார்.

அமிராம் போனில் தொட்டியைப் படமெடுத்துக்கொண்டிருக்க, ஹகித் வேலியருகே ஓடினாள்.

"நீங்களா?"

"எது?"

"சகரியா!"

தலையைச் சொறிந்தார். "விடிகாலையில தண்ணி பாய்ச்சப் போறப்ப பார்த்தேன். தொட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதுட்டிருந்தே. மனசு கேக்கல. மறுநாள் நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி நாலு வாளி ஊத்தி வச்சேன். ஒரே ஒருநாள்தான்னு நெனச்சேன். நீ என்னடான்னா பாட்டுப் பாடிக்கிட்டு வர ஆரம்பிச்சுட்டே. எப்படி நிறுத்தறது, சொல்லு?"

"கேலி பண்ணிக்கிட்டே ஊத்தினீங்களா?"

"கேலியை நிறுத்தினா சந்தேகம் வருமில்ல?"

ஹகித் அமிராமைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் முதலீடு வந்துவிடும். இயந்திரத்தைச் சரிசெய்ய அவகாசமும் கிடைக்கும். திறந்தால், மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

திரும்பி வந்து அமிராமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அமிராமின் சிரிப்பு அப்படியே உறைந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"நம்ம மூணு பேருக்குத்தான்."

"அப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. அடுத்த வாரம் அமைச்சர் வந்து இதைத் தொடங்கி வைக்கிறார். நீ அனுப்பின அளவுக் கணக்கைப் பார்த்தே பேச்சுகூட எழுதியாச்சு. அதுவரைக்கும் இப்படியே போகட்டும்."

"ஆனா மெஷின் வேலை செய்யலையே!"

"தொட்டியில தண்ணி இருக்கில்ல? அமைச்சர் என்ன மெஷினையா குடிக்கப் போறார்?"

ஹகித் குனிந்து, தொட்டியின் அடிக்குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். கரிப்புத் தண்ணீர் மணலில் பீறிட்டு, அமிராமின் பளபளப்பான பூட்ஸை நனைத்துக்கொண்டு ஓடியது.

"ஏய், என்ன பண்றே!"

"உண்மையா வர்றது ரெண்டு டம்ளர். அதை நூறு டம்ளரா ஆக்க முடியுதான்னு பார்க்கறேன். அதுவரைக்கும் உங்க அட்டைக்கு வேற படம் பாருங்க."

அமிராம் அவளை விட்டுவிட்டு வேலிக்குப் பாய்ந்தார். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"ஐயா! நீங்க செஞ்சது எவ்வளவு பெரிய சமூக சேவை தெரியுமா? நீங்களாவது சொல்லுங்க. ஒரே ஒரு வாரம், தினமும் ஒரு நாலு வாளி மட்டும் ஊத்துங்களேன்!"

சகரியா வாயிலிருந்த தொலியைத் துப்பிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்கென்ன தம்பி, ஊத்தறேன். அந்தப் பொண்ணு அழுததைப் பார்த்துத்தான் ஊத்தினேன். நீங்களும் கொஞ்சம் அழுங்க, பார்ப்போம்."