மஞ்சளை வெளுத்த கேமரா

பூங்கோதையின் கணினியில் ஒரு கேமரா இருந்தது. எதில் மஞ்சள் தட்டினாலும் அதை உடனே வெளுத்துவிடும். அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள், நிறம் மாற்றும் குமிழை உள்ளேயே ஒளித்து வைத்திருந்தது.

“மனுஷங்க கையில குடுக்காதீங்கண்ணே, கெடுத்துருவாங்க. எது சரியான நிறம்னு எனக்குத் தெரியும்” என்று டிரைவரிடம் பீற்றிக்கொள்ளும் கேமரா.

அன்று பூங்கோதைக்கு நலங்கு. அத்தை அவள் முகமெங்கும் மஞ்சள் பூசினாள். கேமரா பதறிப்போய் அத்தனையையும் வெளுத்தது.

வெளிநாட்டிலிருந்து திரையில் பார்த்த அக்கா, “என்னடி, சுண்ணாம்பா பூசுறாங்க?” என்றாள். பூங்கோதையின் முகம் வாடியது.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. குமிழைத் திரைக்குக் கொண்டுவந்தது. பூங்கோதை அதைத் திருகு திருகென்று திருகினாள். முகம், சுவர், வெள்ளைப் பூனை எல்லாம் மாம்பழமாயின. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அண்ணே, பூனை வெள்ளைண்ணே!” என்று அலறியது கேமரா.

அதற்குள் அத்தை, “உனக்கும்தாண்டி!” என்று திரையில் தெரிந்த அக்காவின் கன்னத்தில் ஒரு கை மஞ்சளை அப்பினாள். கேமராவின் கண்ணிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

“வெளுத்துடுறியாடா?” என்றது டிரைவர்.

“வேணாம்ண்ணே,” என்றது கேமரா, “இருக்கட்டும்.”