மேகம் கெட்டியான கதை

கணினி விளையாட்டுகளை உருவாக்கும் ஒரு செயலிக்குள் மேகம் ஒன்று இருந்தது. அங்கே உருவான விளையாட்டின் நாயகன் தாவி ஏறுவதெல்லாம் கீழே இருந்த பாறையின் மேல்தான். மேகம் வெறும் அலங்காரம். அதற்குள் புகுந்து போய்வருவது ஒரு குருவி மட்டும்தான். போகிற வழியில் கொஞ்ச நேரம் தங்கி, அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போகும்.

ஒருநாள் செயலியின் புதிய பதிப்பு வந்தது. இனி எந்தப் பொருளும் விரும்பினால், மேலே ஏறி நிற்கும்படி கெட்டியாகலாம் என்று அறிவித்தார்கள். முதல் ஆளாக மேகம் கெட்டியானது. நாயகன் தன்மேல் வந்து நின்றபோது அதற்குப் பெருமை பிடிபடவில்லை.

சாயங்காலம் வந்த குருவி, மேகத்தில் முட்டிக்கொண்டு விழுந்தது.

"என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டது.

"நான் இப்ப கெட்டி. நீ சுத்திப் போ" என்றது மேகம்.

குருவி சுற்றிப் போனது. மறுநாளும் அப்படியே. பேச்சும் நின்றுபோனது.

பத்து நாள் கழித்து மேகம் பாறையிடம் கேட்டது: "அண்ணே, உங்க மேல நிக்கிறவங்க ஏதாவது பேசுவாங்களா?"

"பேசுறதா? எனக்கு அவங்க உள்ளங்கால்தான் தெரியும். மூஞ்சியப் பாத்ததே இல்லப்பா."

அன்றைக்கே மேகம் பழையபடி இளகியது. சுற்றிப் போகத் திரும்பிய குருவியைக் கூப்பிட்டு, "உள்ள வாயேன்" என்றது.

குருவி நம்பவில்லை. கிட்டே வந்து அலகை மட்டும் மெல்ல நீட்டிப் பார்த்தது. அலகு உள்ளே போனது. பிறகு தலையும் போனது.

"பத்து நாள் கதை இருக்கு. கேக்க நேரமிருக்கா?"

"எனக்கு வேற என்ன வேலை?" என்றது மேகம் சந்தோஷமாக.