ஊதா மைப் புத்தகம்

"ஒரு வரி எழுதிக் குடுத்துரும் வே! 'தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க'ன்னு. உம்ம கை என்ன தேஞ்சா போயிரும்?"

தலைமையாசிரியர் தாணுமாலயன் நூறாவது முறையாகக் கெஞ்சினார். செல்லச்சாமி வாத்தியார் பெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தார்.

வெளியே ஆடிச் சாரல். அந்த 1936-ஆம் வருஷம் குற்றாலத்து அருவியே தென்காசிக்குக் குடிவந்துவிட்டது போல அப்படியொரு ஈரம். தாணுமாலயனின் மீசை காய்ந்து பத்து நாளாயிற்று. அதோடு இந்த இழவு வேறு.

எதிரே மதராஸ் புத்தகக் கம்பெனி ஏஜெண்டு. மேஜைமேல் இரண்டு புத்தகங்கள். ஒன்று கம்பெனி அச்சிட்ட பூகோளப் பாடம். மற்றது அதையே செல்லச்சாமி, வஜ்ஜிரப் பசையும் கிளிசரினும் காய்ச்சி ஊற்றிய தட்டில் ஊதா மையால் பிரதி எடுத்து நாலாம் வகுப்புக்குக் கொடுத்தது. வகுப்பே ஒரு மாதமாக ஊதா விரலோடுதான் மோர்ச்சோறு தின்கிறது.

"உங்கள் ஊர்க்காரர் யாரோ பெயர் போடாமல் கடிதம் எழுதினார். இல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது," என்றார் ஏஜெண்டு.

"எந்தப் படுபாவியோ!" தாணுமாலயன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏழைப்பட்ட பிள்ளையள், ஸார். புஸ்தகம் வாங்க வழியில்லே. பாடஞ் சொல்லிக் குடுக்கதுக்குச் சட்டத்திலயும் கொஞ்சம் இடம் இருக்குன்னு வக்கீல் சொல்லுதாரே?"

"நாலு வரி, ஒரு பாடம் என்றால் கண்ணை மூடிக்கொள்வோம். எங்கள் முதலாளியின் மைத்துனர் ராப்பகலாக எழுதியதை இவர் அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு புள்ளி விடாமல் எடுத்திருக்கிறார்! மன்னிப்பு எழுதித் தரட்டும். இல்லாவிட்டால் வழக்கு."

தாணுமாலயனுக்கும் அதுதான் விளங்கவில்லை. நடத்தாத பாடத்தையெல்லாம் இந்த மனுஷர் எதற்குப் பிரதி எடுத்தார்? வழக்கு என்று வந்தால் பள்ளிக்கூட மேனேஜர் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்.

"உம்ம பொண்டாட்டி உலகம்மாள நெனச்சுப் பாரும். வேலை போச்சுன்னா நாலு பிள்ளையளக் கூட்டிக்கிட்டு அவ எங்கன போவா?"

செல்லச்சாமி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இது முதலாளி மச்சினர் எழுதினதுதான்னு நான் எப்படி நம்புதது?"

ஏஜெண்டு நாற்காலி சாய எழுந்தார். "திமிரைப் பாருங்கள்! இப்படிக் கேட்பீர் என்று தெரிந்துதான் கம்பெனி அலமாரியைக் குடைந்து மூலப் பிரதியையே கொண்டுவந்தேன்." தோல்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் போட்டார். "ஹெட்மாஸ்டர், நீங்களே சாட்சி. பாருங்கள்!"

தாணுமாலயன் முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் புரட்டினார். வாராவாரம் பாடக்குறிப்பு நோட்டில் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே கோழிக்கிறுக்கல்.

"வே... இது உம்ம கையெழுத்துல்லா?"

"ஆமா அண்ணாச்சி. ஆறு வருசத்துக்கு முந்தி நான் எழுதி அனுப்பினது. வந்தே சேரலேன்னு பதில் போட்டாங்க." செல்லச்சாமி கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மதராஸுக்குப் போயிக் கேட்டா வாசல்படி ஏற விடுவாங்களா? அதான் அவங்களையே இங்கன வரவழைச்சேன். அந்த மொட்டைப் பெட்டிசன எழுதினவ உலகம்மாதான்!"