மிச்சமிருந்த சிவப்பு

கடிகார வட்டத்தில் சிவப்பு ஒரு கீற்றுதான் மிச்சம். பத்து நிமிடம்.

விரிப்பில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மகளுக்கு நான்கு வயது. எதிரே அம்மா. மேசைக்குப் பின்னால், திறந்த கோப்போடு குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசகர்.

குழந்தை இனி வளரப் போவது அப்பாவிடமா, அம்மாவிடமா என்று நீதிபதி சொல்வார். ஆனால் நீதிபதி குழந்தையைப் பார்க்கப் போவதில்லை. ஆலோசகர் இன்று எழுதி அனுப்புவதைத்தான் பார்க்கப் போகிறார்.

அதனால் அம்மாவுக்கு இன்று வேண்டியது ஒன்றே ஒன்று. கிளம்பும்போது மகள் அழ வேண்டும். கண் கலங்கினால் மட்டும் போதாது. கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டி அழ வேண்டும். பெற்றவள் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா இது என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டுதான் வேண்டிக்கொண்டாள்.

அழாத பிள்ளையா என்றால் அதுவும் இல்லை. வாராவாரம் நடக்கும் இந்தச் சந்திப்புக்கு அப்பா வீட்டிலிருந்து அத்தை கூட்டிவந்த முதல் வாரம், கொடுத்த ஒரு மணி நேரம் முடிந்ததும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி அழுதவள்தான். அன்று பார்த்து ஆலோசகர் விடுப்பு. அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த எழுத்தர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அத்தை வந்து, அம்மாவின் கழுத்திலிருந்து விரல் விரலாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த அழுகையை இன்னொரு முறை தாங்க முடியாது. அடுத்த வாரமே அம்மா கடிகாரத்தைக் கொண்டுவந்தாள்.

அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. மணி பார்க்கத் தெரியாத பிள்ளைகளுக்கான கடிகாரம் அது. முகத்தில் ஒரு சிவப்பு வட்டம், நேரம் போகப் போகச் சுருங்கிக்கொண்டே வரும். சிவப்பு தீர்ந்தால் விளையாட்டு தீர்ந்தது. பல் தேய்க்க, சாப்பிட, செருப்பு மாட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். இருபத்திரண்டு வாண்டுகளை ஒரு அதட்டல்கூட இல்லாமல் கட்டி மேய்க்கிற கெட்டிக்காரி என்று பள்ளியில் அவளுக்குப் பெயர்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் சொந்தப் பிள்ளையிடமும் காட்டினாள். இரண்டே வாரம். சிவப்பு தீர்ந்ததும் மகள் எழுவாள், கட்டைகளைப் பெட்டியில் போடுவாள், செருப்பை மாட்டுவாள், டாட்டா காட்டிவிட்டுப் போவாள்.

அந்த இரண்டு வாரமும் ஆலோசகர் விடுப்பு எடுக்கவில்லை. பார்த்தார், தலையாட்டினார், எழுதிக்கொண்டார்.

இன்று கடைசிச் சந்திப்பு.

பிள்ளைகளை அழாமல் வைத்திருக்கத் தெரிந்தவளுக்கு அழவைக்கவும் தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கினால் போதும், எப்பேர்ப்பட்ட பிள்ளையும் உடைந்துவிடும். வைத்த கடிகாரத்தில் நடுவில் கைவைக்காதே, அது பிள்ளைக்குச் செய்கிற துரோகம் என்று புதிதாக வரும் ஆசிரியைகளுக்குப் பாடம் எடுப்பவளும் அவளேதான்.

ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகள் உருண்டு போன கட்டையை எடுக்க அந்தப் பக்கம் திரும்பினாள்.

அம்மா கையை நீட்டி, கடிகாரத்தின் குமிழைத் திருகிப் பூஜ்யத்தில் வைத்தாள்.

'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் பக்கம் திரும்பியிருந்த வட்டம் முழுக்க வெள்ளை.

கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூரை மட்டும் பாக்கி. கூரைக் கட்டை கையில் இருந்தது. மகள் அதைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கீழுதடு துடித்தது.

அழு, என்று அம்மாவின் உடம்பு முழுக்கக் கெஞ்சியது. அழுடி என் தங்கமே.

மகள் எச்சிலை விழுங்கினாள். கூரையைப் பெட்டியில் போட்டாள். பிறகு சுவர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

ஆலோசகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கே பாப்பா, அதுக்குள்ள கெளம்பிட்டியா?"

அம்மா எழுந்து வாயைத் திறந்தாள். நான்தான் திருகினேன் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பார். பெற்ற பிள்ளையை வேண்டுமென்றே அழவைக்கப் பார்த்தவள் என்று எழுதுவார். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

பேனா ஓடியது. மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றே பிள்ளைகளின் நோட்டைத் திருத்திப் பழகியவளுக்கு, தலைகீழாக இருந்தாலும் அந்த எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

'நேரம் மீதமிருந்தும், தாயை விட்டுக் குழந்தை தானாகவே புறப்பட்டது.'

கீழே கையெழுத்து, தேதி. கோப்பை மூடினார்.

மகள் செருப்பை இடம் வலம் மாறாமல் மாட்டிக்கொண்டாள். டாட்டா காட்டாமல் பக்கத்தில் வந்து, அம்மாவைக் குனியச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள். மேசைக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று காதோடு வாயை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னிக்கும் நான் அழல. இன்னும் எத்தன தடவ அழாம போனா நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவே?"

அப்படியொரு கணக்கை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிள்ளையாகவே போட்டுவைத்துக்கொண்டது.

கதவைத் திறந்து அத்தை எட்டிப் பார்த்தாள். மகள் நகராமல் பதிலுக்காக நின்றாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவ" என்றாள் அம்மா.

மகளின் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆலோசகர் மூடிய கோப்பை மறுபடி திறந்து, அந்தத் துள்ளலையும் எழுதினார்.