மோப்பம்

நாய்களைக் குளிப்பாட்டும் கடைக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி, மேஜையில் ஷாம்பு பாட்டில்களைப் பரப்பினார்.

“எதை விக்கலாம்னு எங்க தடியன்தான் சொல்லணும். அவன் மோந்து பார்த்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் வாங்க மாட்டேன்,” என்றாள் கடைக்காரி.

உள்ளேயிருந்து குரைப்பு கேட்டது. அவர் கையிலிருந்த பாட்டில் நழுவி உருண்டது.

“அவுத்து விட்றாதீங்க மேடம்.”

“நாய் ஷாம்பு விக்கிறவரே நாய்க்குப் பயந்தா எப்படி சார்? புது ஆளைக் கண்டா உறுமுவான், அவ்வளவுதான். பாவம், ஒரு அம்மா குளிப்பாட்டணும்னு விட்டுட்டுப் போனாங்க. திரும்பி வரவே இல்ல.”

அவர் பாட்டில்களை அள்ளிப் பையில் போட்டார். “இன்னொரு நாள் வர்றேன்,” என்று அவசரமாகப் பையை மூடினார்.

அதற்குள் தடியன் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்தான். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தடியன் உறுமவில்லை. அவர் காலடியில் மல்லாந்து படுத்து வாலை ஆட்டினான்.

கடைக்காரி மெதுவாகக் கேட்டாள்: “அன்னைக்கு வந்தது உங்க வீட்டம்மாவா சார்?”